டேப்பா, படப் புத்தகமா, எழுத்து ஆப்பா? மூன்று முதல் ஆறு வயசுக்குள் எதை எதற்கு வைத்துக்கொள்வது

பிள்ளைக்கு மூன்று வயசு தாண்டியதும் இந்தக் கேள்வி வந்துவிடும். டேப் (தொடுதிரை டேப்லெட்) வாங்கித் தரலாமா, எழுத்து சொல்லித்தரும் ஆப் போட்டுக் கொடுக்கலாமா, இல்லை படப் புத்தகமே போதுமா? பாலர் பள்ளி நடத்துகிறவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே குழப்பம்தான், டேப் இருக்கும் இடத்தில் ஸ்மார்ட் போர்டு இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். "எல்லாம் அளவோடு இருந்தால் சரி" என்று சொல்லி நழுவிவிடலாம், ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு யாரும் எதையும் வாங்கவும் முடியாது, வேண்டாம் என்று விடவும் முடியாது. அதனால் ஒவ்வொன்றும் பிள்ளைக்கு எதைத் தருகிறது, எதைத் தரவே தராது என்று பார்த்துவிட்டு, என் கணக்கில் எது முன்னால் எது பின்னால் என்று சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வயசுக்குக் கீழே என்றால் இந்த ஒப்பீடே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி இரண்டு வயசு நிரம்பும் வரை திரையே கூடாது. இரண்டிலிருந்து நான்கு வயசு வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016-இல், பதினெட்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளைத் திரைப் பக்கமே விடாதீர்கள் என்று சொன்னபோது ஒன்றே ஒன்றுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது: வீடியோ கால்.

ஏன் அதற்கு மட்டும்? 2003-இல் பாட்ரிசியா குல் என்ற ஆய்வாளரின் குழு, ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு மாண்டரின் சீனம் கேட்க வைத்தது. ஆள் எதிரில் உட்கார்ந்து பொம்மை காட்டிப் பேசியபோது அந்த மொழியின் ஒலிகளைக் குழந்தைகள் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். அதே மாதிரிப் பேச்சை வீடியோவில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. ஆனால் 2014-இல் வந்த இன்னொரு ஆய்வில், இரண்டு இரண்டரை வயசுப் பிள்ளைகள் நேரலை வீடியோ காலில் பேசியவரிடமிருந்து புதுச் சொற்களைக் கற்றுக்கொண்டார்கள். பதிவு செய்த வீடியோவிலிருந்து கற்கவில்லை. இரண்டுமே கண்ணாடித் திரைதான். ஒன்றில் எதிர்ப்பக்கம் இருப்பவர் பிள்ளை வாயைத் திறந்தால் நிறுத்திக் கேட்கிறார், இன்னொன்றில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் எதை எடைபோட்டாலும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்பேன்: பிள்ளை ஒன்று சொன்னால் பதில் சொல்ல அங்கே யாராவது இருக்கிறார்களா?

ஒன்றை முதலிலேயே பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். வாசிப்பு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோமே, அதற்குள் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, எழுத்தைப் பார்த்து ஒலியைச் சொல்வது, ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்குவது. இன்னொன்று, அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரிவது, நீண்ட வாக்கியத்தைக் கடைசி வரை மனசில் பிடித்து வைப்பது, கதையில் அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது. முதல் வேலையில் ஒரு இயந்திரம் ஓரளவு கைகொடுக்கும். இரண்டாவது, பெரும்பாலும் பேச்சிலிருந்துதான் வரும். ஆப் விற்கிறவர்கள் காட்டுவது முதல் வேலையை. சில வருஷம் கழித்து "படிக்கிறான், ஆனால் என்ன படித்தான் என்று கேட்டால் முழிக்கிறான்" என்று வருத்தப்படுவது இரண்டாவதை விட்டுவிட்டதால்.

அச்சுப் புத்தகமும் மின்புத்தகமும்

பலர் நினைப்பதுபோல இது காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் சண்டை இல்லை. 2021-இல் ஃபியூரனெஸ், குச்சிர்கோவா, புஸ் ஆகிய மூவர் ஒன்று முதல் எட்டு வயசு வரையிலான பிள்ளைகளிடம் நடந்த 39 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரே கதையை அப்படியே காகிதத்திலும் திரையிலும் கொடுத்தால், காகிதத்தில் கேட்ட பிள்ளைகளுக்குக் கதை நன்றாகப் புரிந்திருந்தது. ஆனால் திரையில் சேர்த்த கூடுதல் வசதிகள் கதையோடு ஒட்டியவையாக இருந்தபோது மின்புத்தகம் முந்திக்கொண்டது. 2015-இல் வந்த டக்காச், ஸ்வார்ட், புஸ் தொகுப்பாய்வும் இதே திசையில்தான் போகிறது: அசையும் படம், இசை, பின்னணிச் சத்தம் போன்றவை உதவின, தொட்டு விளையாடுகிற சமாச்சாரங்கள் கவனத்தைக் கலைத்தன.

ஒரு மின்புத்தகத்தோடு நாலு வயசுப் பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் பக்கத்திலிருந்து பாருங்கள், ஆய்வே வேண்டாம். குரல் "வாத்து குளத்தங்கரைக்கு வந்தது, அங்கே தன் அம்மாவைக்..." என்று ஆரம்பிக்கும். பிள்ளையின் விரல் வாத்து மேல் போகும், வாத்து "குவாக்" என்று கத்தும், குரல் நின்றுவிடும். மறுபடி தொடும், மறுபடி "குவாக்". பத்துக் குவாக் முடிந்து பக்கத்தைத் தள்ளும்போது வாத்து குளத்தங்கரைக்கு எதற்கு வந்தது என்பது யாருக்கும் தெரியாது. பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை, தொட்டால் கத்துகிற வாத்தைத் தொடாமல் இருக்க எந்தப் பிள்ளையாலும் முடியாது. அதே கதையில், குரல் "தேடியது" என்று சொல்லும் நேரத்தில் வாத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அசைவு சொல்லின் பொருளையே காட்டிவிடுகிறது. முதல் வகையைத் தூக்கிப் போடலாம், இரண்டாவது வகை கிடைத்தால் விடாதீர்கள்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பெரியவர் என்ன செய்கிறார் என்பது. 2019-இல் மிஷிகனில் பெற்றோரும் இரண்டு வயசையொட்டிய பிள்ளைகளும் சேர்ந்து படித்ததைக் கவனித்தார்கள். அச்சுப் புத்தகத்தோடு இருந்தபோது பேச்சு ஓடியது. டேப்பில் படித்தபோது பேச்சு குறைந்தது, பேசியதிலும் ஒரு பகுதி "அதை அமுக்காதே", "இப்படிப் பிடி" என்று கருவியைப் பற்றியே போனது. காகிதம் படிக்கத் தெரியாதது, நாம்தான் அதற்கு வாய் கொடுக்க வேண்டும். மின்புத்தகம் தானே பேசிக்கொள்வதால் நமக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது, எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறோம்.

அச்சுப் புத்தகம் தானாக ஒன்றும் சாதித்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். கடகடவென்று படித்து மூடி வைத்தால் பாதிப் பயன்தான். 1988-இலேயே வைட்ஹர்ஸ்ட் குழு, பெற்றோருக்குப் படிக்கும் விதத்தை மட்டும் கொஞ்சம் மாற்றச் சொல்லித் தந்தது: நிறுத்து, "இது என்ன பண்ணுது?" என்று கேள், பிள்ளை ஒரு சொல் சொன்னால் அதை நீட்டித் திருப்பிச் சொல். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சு, வழக்கம்போலப் படித்துக் காட்டப்பட்ட பிள்ளைகளைவிட முன்னால் போய்விட்டது. பிள்ளை "நாய் ஓடுது" என்றால் "ஆமா, நாய் பயந்துபோய் ஓடுது, எதைப் பார்த்துப் பயந்துச்சு?" என்று கேட்பதுதான் மொத்த வித்தையும். இதை மின்புத்தகத்திலும் செய்யலாம், ஆனால் முதலில் அதன் குரலை அணைக்க வேண்டும்.

நல்ல தமிழ்ப் படப் புத்தகம் கையில் கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் என் தீர்ப்பு மாறும். ஸ்டோரிவீவர் மாதிரியான தளங்களில் தமிழ்ப் படக் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, கடினம் எளிது என்று நிலை பிரித்தும் வைத்திருக்கிறார்கள். வீட்டில் தமிழ்ப் புத்தகமே இல்லை என்பதைவிட, குரலை அணைத்து மடியில் வைத்துப் படிக்கிற டேப் எவ்வளவோ மேல். பிடித்த கதையை அச்செடுத்துத் தைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

எழுத்து ஆப்

இங்கேதான் காசும் போகிறது, நம்பிக்கையும் போகிறது. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பைப் பழக்க ஆப் உதவுமா என்றால், உதவலாம். கிராஃபோகேம் என்ற விளையாட்டு ஃபின்லாந்தின் யுவாஸ்கூலா பல்கலைக்கழகத்தில் உருவானது. ஒலியைக் கேட்டு எழுத்தைத் தொடுவதுதான் விளையாட்டு, பல மொழிகளுக்கு மாற்றியிருக்கிறார்கள், ஆய்வாளர்களே உருவாக்கியது என்பதால் கடையில் கிடைக்கிற எதையும்விட ஒழுங்காகச் செய்யப்பட்டது. அதன் மேல் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் சொல் வாசிப்பில் ஏற்றம் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருந்தது. ஆனால் பெரியவர் பக்கத்தில் இருந்து நிறையப் பேசி, உற்சாகப்படுத்தி, கூடவே வந்த ஆய்வுகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோது நல்ல ஏற்றம் தெரிந்தது. அவ்வளவு கவனமாகச் செய்த விளையாட்டுக்கே கதை இது என்றால், நட்சத்திரமும் பட்டாசும் வெடிக்கிற மற்ற ஆப்களை என்ன சொல்ல?

தமிழ் ஆப்களில் வேறு ஒரு சிக்கலும் உண்டு. பெரும்பாலும் 247 எழுத்துகளையும் அட்டை அட்டையாகக் காட்டிக்கொண்டு போவார்கள். ஆனால் பிள்ளை உண்மையில் கற்க வேண்டிய வடிவங்கள் அதைவிட மிகக் குறைவு: உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, அப்புறம் கால், கொம்பு, விலங்கு போன்ற சில குறிகள். உகர ஊகார வரிசையில் மட்டும்தான் கு, சு, து என்று வடிவம் இஷ்டத்துக்கு மாறும், அங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும். குறி என்ன செய்கிறது என்பது பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் தானே வரும். அட்டை காட்டுகிற ஆப், கா-வையும் மா-வையும் சம்பந்தமே இல்லாத இரண்டு படங்களாகக் காட்டுகிறது. பிள்ளையும் படமாகவே மனப்பாடம் செய்கிறது, புதுச் சொல் வந்தால் திணறுகிறது.

ஒலி விஷயம் இன்னும் மோசம். க என்ற ஒரே எழுத்து கடலில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி, மகனில் ஒரு மாதிரி ஒலிக்கிறது. ஆப் சொல்வது முதல் ஒலியை மட்டும். பிள்ளை மகனை அழுத்தி "மக்கன்" என்கிற மாதிரி வாசித்தால், பக்கத்தில் இருப்பவர் சிரித்துக்கொண்டே "மகன், உனக்குத் தெரிஞ்ச சொல்தான்" என்பார், ஒரு நொடியில் பிள்ளைக்குப் புரிந்துவிடும். ஆப்புக்கு அந்தச் சமாளிப்பு தெரியாது. இயந்திரக் குரலில் ழகரமும் ளகரமும் ஒரே மாதிரி கேட்கிற ஆப்கள் வேறு இருக்கின்றன, அவற்றை அந்தக் காரணத்துக்காகவே நீக்கிவிடலாம்.

காசு கட்டும் முன் ஐந்து நிமிஷம் நீங்களே விளையாடிப் பாருங்கள். வேண்டுமென்றே தப்பாகத் தொடுங்கள், என்ன ஆகிறது என்று பாருங்கள். ஏன் தப்பு என்று காட்டாமல் "டொய்ங்" மட்டும் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் தொட்டே பிள்ளை அடுத்த கட்டத்துக்குப் போய்விடும், நட்சத்திரமும் வாங்கிவிடும். ப, ட, ம் சேர்ந்து "படம்" ஆவதை எத்தனை சீக்கிரம் காட்டுகிறார்கள் என்று பாருங்கள், தனி எழுத்திலேயே மாதக்கணக்கில் சுற்ற வைத்தால் வேண்டாம். விளம்பரம் வருகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், இந்த வயசில் விளம்பரம் எது பாடம் எது என்று பிள்ளைக்குப் பிரிக்கத் தெரியாது. இவ்வளவும் தேறினால் ஐந்து வயசையொட்டி, பத்து நிமிஷம், பக்கத்தில் ஒருவர் இருக்க. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க ஒன்றும் இல்லை.

விரலால் எழுதுகிற ஆப்கள் வேண்டாம் என்றே சொல்வேன். அம்புக்குறி காட்டும், பிள்ளை விரலை இழுக்கும், கோணலாகப் போனாலும் திரை அழகான அ-வைப் போட்டுக் கைதட்டும். 2012-இல் ஜேம்ஸ், எங்கல்ஹார்ட் இருவரும் இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயசுப் பிள்ளைகளை மூன்று விதமாகப் பழக்கினார்கள்: பார்த்துத் தானே எழுதுவது, புள்ளிக் கோட்டின் மேல் இழுப்பது, விசைப்பலகையில் தட்டுவது. பிறகு மூளையை ஸ்கேன் செய்தபோது, வாசிக்கும்போது வேலை செய்கிற பகுதிகள் உயிர்பெற்றது தானே எழுதியதற்கு மட்டும்தான். பிள்ளை எழுதுகிற ஒவ்வொரு அ-வும் ஒவ்வொரு கோணலில் இருக்கும், இத்தனை கோணலும் ஒரே எழுத்துதான் என்று புரிவதுதான் எழுத்தை அறிவது என்று அவர்கள் விளக்கம் சொல்கிறார்கள். புள்ளிக் கோட்டு நோட்டுகளை அடுக்கி வைத்திருக்கும் பாலர் பள்ளிகளும் இதைக் கவனிக்கலாம், இழுப்பது இழுப்பதுதான், காகிதத்தில் இழுத்தாலும். சாக்பீஸ், மணல் தட்டு, தடிமனான பென்சில், ஒரு வெற்றுத் தாள் போதும்.

வீடியோ, ஆடியோ, ஸ்மார்ட் போர்டு

வீடியோவைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. பாட்டு வீடியோ பார்த்துப் பிள்ளை "அ, ஆ, இ" என்று ராகம் போட்டால் அது ராகம்தான், எழுத்து இல்லை. 2010-இல் டெலோச் குழு, சொல் கற்றுத்தருவதாக விற்கப்பட்ட குழந்தை வீடியோ ஒன்றை ஒன்று, ஒன்றரை வயசுக் குழந்தைகளிடம் சோதித்தது. ஒரு மாதம் பார்த்த குழந்தைகள், பார்க்காத குழந்தைகளைவிட அதிகமாக எதையும் கற்கவில்லை. வீடியோ இல்லாமல், அதே சொற்களைப் பெற்றோர் அன்றாடப் பேச்சில் பழக்கிய குழந்தைகள்தான் முன்னால் நின்றார்கள். வேடிக்கை என்னவென்றால், வீடியோவை விரும்பிய பெற்றோர்கள் பிள்ளை நிறையக் கற்றுக்கொண்டதாக நம்பினார்கள். நாம் சமைத்து முடிக்கும் வரை பிள்ளை உட்கார வேண்டும் என்றால் போடுங்கள், அதில் பாவமில்லை, ஆனால் அதைப் படிப்புக் கணக்கில் எழுதாதீர்கள்.

ஆடியோ கதையை யாரும் கண்டுகொள்வதில்லை, எனக்கு அது வீடியோவுக்கு ரொம்பவே மேல். படத்தைப் பிள்ளையே மனசில் வரைய வேண்டும், கை சும்மா இருப்பதால் கேட்டுக்கொண்டே எதையாவது கட்டிக்கொண்டோ வரைந்துகொண்டோ இருக்கும். தமிழ் எழுத்து படிக்க வராத பெற்றோருக்கும், வெளிநாட்டில் வீட்டுக்கு வெளியே தமிழே காதில் விழாத பிள்ளைக்கும் இது பெரிய உதவி. அதைவிடவும் நல்லது தாத்தாவோ பாட்டியோ வீடியோ காலில் கதை சொல்வது, அதுவும் கையில் ஒரே புத்தகத்தின் ஒரு பிரதி அங்கே ஒரு பிரதி இங்கே என்று இருந்தால் பிரமாதம்.

பள்ளிகளுக்கு வருவோம். ஸ்வீடன் தன் பாலர் பள்ளிகளில் டிஜிட்டல் கருவிகளைக் கட்டாயமாக்கி வைத்திருந்தது, 2023-இல் அந்தக் கட்டாயத்தை விலக்கப்போவதாக அறிவித்துப் புத்தகத்தின் பக்கம் திரும்பியது. ஸ்மார்ட் போர்டு வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருபது பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினால் பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்தைப் பெரிதாகத் திரையில் போட்டு, ஆசிரியர் தன் குரலில், விரலால் வரியைக் காட்டிப் படித்தால் அது அருமையான பயன். ஆனால் போர்டு வந்ததும் நடப்பது பெரும்பாலும் அது இல்லை, பாட்டு வீடியோ ஓடும், ஆசிரியர் வருகைப் பதிவு எழுதுவார். போர்டுக்கு ஆகிற செலவில் நூறு நூறாகப் படப் புத்தகம் வாங்கலாம் என்றால், அதை வாங்கிப் பிள்ளைகள் கை எட்டுகிற உயரத்தில் வையுங்கள்.

இன்னொரு வழி இருக்கிறது, கடையில் விற்காததால் யாரும் யோசிப்பதில்லை: கருவியைப் பிள்ளை பார்க்க அல்லாமல், பிள்ளை சொல்வதைப் பதிவு செய்ய வைத்துக்கொள்வது. பிள்ளை வரைந்த படத்தை மொபைலில் பிடியுங்கள். "இதுல என்ன நடக்குது?" என்று கேளுங்கள். "பூனை கோவமா இருக்கு, ஏன்னா மழை வந்துருச்சு, அதோட வீடு நனஞ்சு போச்சு" என்று வரும். சொன்னதைச் சொன்னபடியே, திருத்தாமல், பெரிய எழுத்தில் படத்துக்குக் கீழே தட்டுங்கள், பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போதே. படித்துக் காட்டுங்கள். இரண்டாவது முறை படிக்கும்போது விரல் "பூனை"யில் வந்து நிற்கும், ஏனென்றால் அந்தச் சொல் அதனுடையது. வாயிலிருந்து வந்தது எழுத்தாக நிற்கும், அதை யார் எடுத்துப் படித்தாலும் அதே வார்த்தைகள்தான் வரும். இந்தப் புரிதலை எந்த அட்டையும் எந்த ஆப்பும் இவ்வளவு நேராகத் தருவதில்லை. ஆறேழு பக்கம் சேர்ந்ததும் அச்செடுத்து அலமாரியில் வையுங்கள், மற்ற புத்தகங்களோடு.

சரி, எதை எடுப்பது? என் வரிசை இது: பெரியவர் பேசிப் பேசிப் படிக்கிற அச்சுப் புத்தகம் முதலில், எந்த வீட்டிலும். அதற்கு அடுத்து, பிள்ளை சொல்வதை எழுத்தாக்கும் வேலைக்கு ஒரு மொபைல், அது ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. அப்புறம் ஆடியோ கதை. நாலாவதாக, தொட்டால் கத்தாத மின்புத்தகம், தமிழ்ப் புத்தகம் கிடைக்காத இடத்தில் இது இரண்டாம் இடத்துக்கு ஏறிவிடும். ஐந்து வயசு வாக்கில் சோதித்துத் தேர்ந்த ஒரே ஒரு எழுத்து ஆப், பத்து நிமிஷத்துக்கு. எழுதும் ஆப்பும் வீடியோவும் பட்டியலுக்கு வெளியே.

இந்த வரிசை செல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். பேச்சு வராத பிள்ளைக்குப் படத்தைத் தொட்டுப் பேச வைக்கிற டேப் அதன் குரல், அதற்கு நிமிஷக் கணக்குப் பார்ப்பது அநியாயம். பார்வை குறைந்த பிள்ளைக்குப் பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும் திரை இல்லாமல் புத்தகமே இல்லை. அங்கே எது, எவ்வளவு என்பதைப் பேச்சுப் பயிற்சியாளரோடும் சிறப்பாசிரியரோடும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

ஏற்கெனவே டேப் வாங்கியாயிற்று என்றால் விற்க வேண்டாம். கதை ஆப் ஒன்று, கேமரா ஒன்று, வேண்டுமானால் அந்த எழுத்து ஆப் ஒன்று, இவற்றைத் தவிர மீதியை அழித்துவிடுங்கள். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதியை எங்கே இருந்தாலும் அணையுங்கள். கதைகளை முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டு, பிள்ளை கையில் கொடுக்கும்போது இணையத்தைத் துண்டித்துவிடுங்கள். சார்ஜரைக் கூடத்தில் வையுங்கள், படுக்கையறையில் வேண்டாம்.